காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை: உண்ணிக்கடியா, வேறு ஏதாவதா?

கேள்வி: 5 ஜனவரி 2025

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். தீபாவளி முடிந்த ஞாயிறு, பிள்ளைகளோடு செரோக் தோக்குன் மலையேறிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துக் கடுங்காய்ச்சல். டெங்கி இல்லை என்றார்கள். முழங்காலுக்குப் பின்னால் பூச்சி கடித்த கருந்தழும்பு ஒன்று இருக்கிறது. காய்ச்சல் விட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நான்கு வருடமாகப் பாடம் எடுக்கும் பிள்ளைகளின் பெயர் வாயில் வருவதில்லை. உண்ணி கடித்து வரும் லைம் நோய் இது, ஆறு மாதம் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும் என்கிறான் அண்ணன் மகன். யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

5 ஜனவரி, இரவு 11.20

உண்டு டீச்சர். நான் கோலாலம்பூர் செந்தூல்வாசி, வயது ஐம்பத்து நான்கு, தொழில் நில அளவை. போன செப்டம்பரில் செமினி பக்கம் கைவிடப்பட்ட செம்பனைத் தோட்டம் ஒன்றில் எல்லைக்கல் தேடும் வேலை, ஐந்து நாள். லாலாங் புல் இடுப்பளவு நின்றது. பையன்கள் பாராங் கத்தியால் வெட்டி வழி எடுத்தார்கள். கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நான். மதியம் வெட்டிய புல்மேலேயே உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். அங்கே உட்கார்ந்ததுதான் வினை.

பதினோராம் நாள் குளிர் எடுத்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகாணியை முறுக்குவதுபோல் தலைவலி. பக்கத்துக் கிளினிக்கில் டெங்கிப் பரிசோதனை செய்தார்கள், இல்லை. பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் டெங்கிப் பரிசோதனை, மறுபடியும் இல்லை. இரத்தத் தட்டணுக்கள் மட்டும் குறைந்திருந்தன. ஆகையால் டெங்கிதான், சோதனையில் பிடிபடவில்லை என்று ஒரு விளக்கம். போகிறபோக்கில் தொண்டைக்கு என்று பென்சிலின் வகை மாத்திரை.

எட்டாம் நாள் என்னைத் தூக்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே என் மகள் வயதில் ஒரு மலாய்ப் பெண், பயிற்சி மருத்துவர். "என்ன வேலை பார்க்கிறீர்கள் பாக்சிக்?" என்று கேட்டார். எட்டு நாளில் யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். திரையை இழுத்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தச் சொன்னார். வலது இடுப்பில், பெல்ட் அழுத்தும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே, துவரம்பருப்பு அளவில் கருப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவந்த விளிம்பு. சுருட்டு நெருப்பு பட்டு ஆறினால் எப்படி இருக்கும், அப்படி. வலியில்லை, அரிப்பில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்ததும் அவர் தொட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள், காலை ஒன்று, இரவு ஒன்று. இரண்டாம் நாள் இரவு வேர்த்துக்கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. காய்ச்சல்தான் இறங்கியது, அசதி இன்னும் கூடவே இருக்கிறது. நாலு மாதம் ஆகப்போகிறது.

உண்ணி கடித்ததுதான் காரணம். உங்களுக்கும் அதேதான், சந்தேகமே வேண்டாம்.

6 ஜனவரி, காலை

நேற்று இரவு எழுதியதை இப்போது படிக்கிறேன். "உண்ணி கடித்ததுதான்" என்று எவ்வளவு தெம்பாக எழுதியிருக்கிறேன்! தப்பு. என்னைக் கடித்தது உண்ணி இல்லை.

எனக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது உண்ணிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு சிற்றுண்ணி. மலாய்க்காரர்கள் இரண்டையும் குழப்புவதில்லை. நாய்மேலும் மாட்டின்மேலும் கொழுத்துத் தொங்குவது செங்கெனிட். புல்லில் இருக்கும் பொடி துங்காவ். நாம்தான் இரண்டையும் உண்ணி என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம்.

அதிலும் கடிப்பது வளர்ந்த பூச்சி கிடையாது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுதான் கடிக்கிறது. ஆறு கால், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வெறுங்கண்ணுக்குச் செம்புள்ளியாகத் தெரிந்தால் பெரிய விஷயம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை எலிமேலோ மனிதன்மேலோ ஏறி, தோலைக் கரைத்து உறிஞ்சிவிட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். பிறகு எட்டுக்கால் பூச்சியாகி, மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று காலம் தள்ளும். கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து குஞ்சுக்கு என்று தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டே போகும் சொத்து அது.

இந்தப் பூச்சிக்கு இறுக்கமான இடம்தான் பிடிக்கும். இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு, உள்ளாடையின் ஓரம். டீச்சர், உங்கள் தழும்பு முழங்காலுக்குப் பின்னால் என்றீர்களே, அதைப் படித்ததும்தான் என் கை பரபரத்தது.

6 ஜனவரி, மதியம்

"அப்படியானால் பூச்சி கடிப்பதைப் பார்த்திருப்பீர்களே" என்று கேட்டிருக்கிறார் ஜோர்ஜ்டவுன் தம்பி. வாசிக்கவில்லையா தம்பி? ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. எனக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் மனைவியே தெரிவதில்லை.

9 ஜனவரி

இப்போது லைம். அண்ணன் மகன் சொன்னதை அப்படியே தள்ளிவிட மனமில்லை. பையன் பாவம், அக்கறையில் சொல்லியிருக்கிறான்.

லைம் என்பது அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஊர் ஒன்றின் பெயர். 1975-ல் அங்கே பிள்ளைகளுக்கு வரிசையாக மூட்டு வீங்கியது. வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் 1981-ல் உண்ணியின் வயிற்றுக்குள் சுருள் வடிவக் கிருமியைக் கண்டுபிடித்தார். பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். கடித்த இடத்தைச் சுற்றி நாளுக்கு நாள் விரியும் சிவப்பு வட்டம் அதன் அடையாளம். கருப்புப் பொருக்கு லைமில் வராது. உங்களுக்கு இருந்தது எது, வட்டமா, பொருக்கா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

நம் நாட்டில் லைம் நோய் என்பதே கிடையாது என்று எழுத இருந்தேன். நல்லவேளை, கொஞ்சம் படித்துவிட்டு வந்தேன். காட்டெலிமேல் ஏறும் உண்ணிகளில் அந்தப் பொரேலியா குடும்பத்துக் கிருமியை இங்கே ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஓராங் அஸ்லி பழங்குடி மக்களில் சிலரின் இரத்தத்தில் எதிர்ப்பொருளும் கண்டிருக்கிறார்கள். எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் நோய் வந்தது என்று பொருளாகாது. ஆனாலும் மலேசியாவில் புல்லில் புரண்டு எழுந்தவனுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தேட வேண்டியது டைபஸ். கிழக்கு ஆசியாவும் தெற்கு ஆசியாவும் அதன் சொந்த ஊர். தமிழ்நாட்டிலும் மழை முடிந்த மாதங்களில் ஏறுகிறது.

14 ஜனவரி, பொங்கல்

பால் பொங்கியது. இன்று நோய்ப் பேச்சு வேண்டாம் என்றார் மனைவி. சரி.

14 ஜனவரி, மாலை

ஒரே ஒரு விஷயம். டாக்சிசைக்ளினைப் பாலோடு குடிக்கக் கூடாது. பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் முழுதாகச் சேரவிடாது. இது தெரியாமல் முதல் இரண்டு வேளையும் கட்டிலில் உட்கார்ந்து தே தாரிக்கோடு, அதாவது இனிப்புப் பால் தேநீரோடு, விழுங்கினேன். தாதி பார்த்துவிட்டு என்னைத் திட்டிய திட்டில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார். மாத்திரையைப் போட்டவுடன் படுக்கவும் கூடாது. தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். ஒரு முழுக் குவளைத் தண்ணீர், அரைமணி நேரம் நிமிர்ந்த உட்காரல். வெயிலிலும் கவனம் வேண்டும், தோல் சீக்கிரம் வெந்துவிடும்.

19 ஜனவரி

"தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்றே எழுதுகின்றன, நீங்கள் என்ன பெரிய தமிழறிஞரா?" என்று ஈப்போவிலிருந்து ஓர் அக்கா கோபப்பட்டிருக்கிறார். அறிஞன் இல்லை அக்கா, கடிபட்டவன். பெயர் எப்படி இருந்தால் என்ன என்று நானும் விட்டுவிடுவேன். ஆனால் உண்ணி என்றதும் நம் மக்கள் நாயைத்தான் பார்க்கிறார்கள். நான் உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது என் மாமியார் முதலில் செய்த காரியம், பக்கத்து வீட்டு நாயை மருந்து போட்டுக் குளிப்பாட்டச் சொன்னது. அந்த நாய் இன்னும் என்னைப் பார்த்தால் உறுமுகிறது. இந்தக் காய்ச்சலில் நாய்க்குச் சம்பந்தமே இல்லை. எலிக்கும் புல்லுக்கும்தான் சம்பந்தம்.

நிஜ உண்ணி ஒட்டியிருந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வேலை. சிறுவயதில் மாட்டு உண்ணியை நாங்களே பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவோம். மனிதர்மேல் ஒட்டினால் சுருட்டு நெருப்பு வைப்பார்கள், தேங்காயெண்ணெய் ஊற்றுவார்கள். இரண்டும் வேண்டாம். சீண்டினால் அது வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்திலேயே கக்கக்கூடும். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

26 ஜனவரி

உட்கார்ந்த இடத்திலேயே நேரம் போகிறதே என்று இந்த நோயின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த நோயைப் பிரித்து அறிந்த ஊர்களில் ஒன்று நம் கோலாலம்பூர். ஜாலான் பகாங் வழியாக முப்பது வருடம் பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தச் சாலையில் இருந்த, 1900-ல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

1920-களில் வில்லியம் ஃபிளெச்சரும் லெஸ்லரும் அங்கே இரண்டு வகை டைபஸைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று பட்டணத்தில், கடைகளில் வேலை செய்பவர்களுக்கு வருவது. அது எலித்தெள்ளு வேலை என்று பிற்பாடு தெரிந்தது. இன்னொன்று புதரில், தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு வருவது. பிரித்துக் காட்டியதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. கிங்ஸ்பரி என்பவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பாக்டீரியாக் கூட்டம் பட்டணத்து நோயாளிகளின் இரத்தத்தோடு சேரவில்லை, தோட்டத்து நோயாளிகளின் இரத்தத்தோடு திரண்டது. அந்தப் பாக்டீரியாக் கூட்டத்தைப் பரிசோதனைக்கூடங்களில் இன்றும் ஓஎக்ஸ்கே (OXK) என்று சொல்கிறார்களே, அதில் உள்ள கே அந்தக் கிங்ஸ்பரிதான். மலாயாவின் இந்தப் புதர்க்காய்ச்சலும் ஜப்பானியர்களின் சுட்சுகமுஷிக் காய்ச்சலும் ஒன்றே என்று லெவ்த்வெயிட், சவூர் இருவரும் 1940-ல் எழுதினார்கள்.

அடுத்தது 1948. ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்கர் குளோராம்பெனிகால் என்ற புது மருந்தோடு கோலாலம்பூருக்கு ஒரு குழுவை அழைத்து வந்தார். டைபஸ் நோயாளிகள் ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் டைபாய்டு. அவர்களும் பிழைத்தார்கள். அதுவரை டைபாய்டுக்கு மருந்தே கிடையாது. தப்பான கணிப்பில் கிடைத்த சரியான வைத்தியம், அதுவும் நம் ஊரில்.

இன்னொன்று. 1984-ல் வெளியான ஓர் ஆய்வு. நம் நாட்டுக் கிராமப்புறத்தில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாக் காய்ச்சலிலும் முதலிடம் ஸ்க்ரப் டைபஸ், 19.3 விழுக்காடு. செம்பனைத் தொழிலாளர்களை மட்டும் எடுத்தால் 46.8 விழுக்காடு. கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர்! செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலியோடு பூச்சி வரும், பூச்சி இருக்கும் புல்லில் நம் ஆட்கள் குனிவார்கள். எங்கள் தோட்டத்து டிரசர், அதாவது மருந்து கொடுக்கும் உதவியாளர், எல்லாக் காய்ச்சலுக்கும் கொயினாதான் கொடுப்பார் என்று அப்பா சொல்வார். மலேரியா என்றால் கொயினா கேட்கும். இதற்குக் கேட்காது. காய்ச்சலில் போய்விட்டார் என்று ஒரே வரியில் பாட்டி சொல்லி முடித்த பெயர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் வருவார்களோ! மருந்தே கொடுக்காவிட்டால் நூற்றில் ஆறு பேர் இறக்கிறார்கள் என்று பழைய பதிவுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள்.

9 பிப்ரவரி

பூசத்துக்கு முந்திய ஞாயிறு. கூட்டத்துக்கு முன்பே போய்விடலாம் என்று பத்துமலைக்குப் போனேன். 272 படி. போன வருடம் பால்குடத்தோடு நிற்காமல் ஏறியவன். இந்த வருடம் வெறுங்கையோடு 118-வது படியில் உட்கார்ந்துவிட்டேன். எண்ணிக்கொண்டே ஏறியதால் தெரியும். ஒரு குரங்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பறிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எழுந்து போனது. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் "மெதுவா வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி ஏறினார்.

வலது காதில் இரைச்சலும் இருக்கிறது. இந்த நோயில் காது மந்தமாவது வெகுகாலமாகத் தெரிந்த விஷயமாம். பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார்கள்.

15 பிப்ரவரி

டீச்சர் எழுதியிருக்கிறார்: கருப்புப் பொருக்குதான், வட்டம் இல்லை. அப்படியே விட்டதில் தானாக உதிர்ந்ததாம். அண்ணன் மகன் விடவில்லை. கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறது, ஆறு மாத மருந்து வேண்டும் என்கிறானாம்.

கிருமி ஒளிந்திருக்க முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே ஸ்மேடல் குழு 1952-ல் எழுதியதைப் படித்தேன். டைபஸ் வந்து குணமானவர்களின் நெறிக்கட்டியை ஓராண்டுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால், சிலரிடம் கிருமி உயிரோடு இருந்திருக்கிறது. படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. இடுக்கைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில்தான் புத்தி வந்தது. தலைப்பிலேயே அவர்கள் குணமானவர்கள் என்றுதானே போட்டிருக்கிறார்கள்! கிருமி மிச்சமிருப்பது ஒன்று, அசதி மிச்சமிருப்பது வேறொன்று. இரண்டையும் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை.

ஆறு மாத மருந்து என்ற பேச்சு லைமிலிருந்து வந்தது. லைமுக்கு முறையாக மருந்து எடுத்த பிறகும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அசதியும் வலியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. அது பொய்யும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. ஆனால் அவர்களுக்கு நீண்டகாலம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் நிலைத்த பலன் கிடைக்கவில்லை. பக்க விளைவு கிடைத்தது. க்யூ காய்ச்சல் என்று ஆடுகளிடமிருந்து வருவது ஒன்று உண்டு. நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை அது பரவியபோது நிறையப் பேருக்குத் தீராத அசதி. அவர்களுக்கும் நம் டாக்சிசைக்ளினை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாவு மாத்திரையைவிட ஒரு படிகூட மேலில்லை.

டீச்சர், அண்ணன் மகனிடம் இதைக் காட்டுங்கள். கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

16 பிப்ரவரி

"அப்படியென்றால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்கிறீர்களா" என்று ஒருவர். ஐயா, நிதானமாக வாசியுங்கள். காய்ச்சல் அடிக்கும்போது டாக்சிசைக்ளின் உயிர் காக்கும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முற்றிய நிலையில் அதையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால், ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிடப் பலன் அதிகம் என்று இந்தியாவில் நடந்த பெரிய சோதனையில் தெரிந்து, 2023-ல் வெளியாகியிருக்கிறது. காய்ச்சல் விட்டு மாதங்கள் ஆன பிறகு வரும் அசதியைத்தான் நான் பேசுகிறேன். பென்சிலின் ஏன் எனக்குக் கேட்கவில்லை என்றும் இப்போது தெரிகிறது. இந்தக் கிருமி நம் உயிரணுவுக்குள் புகுந்து வாழ்வது. பென்சிலின் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடும்.

2 மார்ச்

டீச்சரின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. ஸ்க்ரப் டைபஸ் எதிர்ப்பொருள் இருக்கிறது. பார்த்தீர்களா என்று மேசையைத் தட்டினேன். அடுத்த வரியைப் படித்ததும் கையை எடுத்துவிட்டேன். தைராய்டு மிகவும் குறைவு. மூச்சு வாங்குவதற்கும் மறதிக்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். டைபஸ் வந்தது உண்மை, ஆனால் இப்போது படுத்துவது அது இல்லை.

"உங்களுக்கும் அதேதான், சந்தேகமே வேண்டாம்" என்று ஜனவரியில் எழுதியவன் யார்? அடியேன்தான். எல்லாவற்றையும் டெங்கி என்ற அந்தக் கிளினிக்கைத் திட்டிக்கொண்டே, நான் எல்லாவற்றையும் டைபஸ் என்றிருக்கிறேன்.

8 மார்ச்

மனைவி விடவில்லை. டீச்சர் பார்த்துக்கொண்டார், நீங்களும் பாருங்கள் என்று வெறும் வயிற்றோடு இழுத்துக்கொண்டு போனார். தைராய்டு சரியாக இருக்கிறது. சர்க்கரை 9.1 மில்லிமோல், அதாவது நீரிழிவு.

ஆக, என் அசதியில் ஒரு பங்கு டைபஸ் கணக்கு, இன்னொரு பங்கு தே தாரிக் கணக்கு. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்கிறார் மருத்துவர். கடைக்காரரிடம் இன்று முதல் "தே ஓ கோசோங்" என்றேன், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்டார்.

23 மார்ச்

நாளை மறுபடி செமினி. அதே தோட்டம், மிச்சமிருக்கும் எல்லைக்கல். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற உத்தரவாதம் இந்த நோய்க்குக் கிடையாது, கிருமியில் பல வகை, தடுப்பூசியும் இல்லை. காற்சட்டைக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடித்துக் காயப் போட்டிருக்கிறேன். உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கியாகிவிட்டது. காற்சட்டை விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளச் சொன்னதற்குப் பையன்கள் சிரிக்கிறார்கள். வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு இடுப்பு, அக்குள் எல்லாம் பார்க்க வேண்டும் என்றேன். "உங்களுக்கு யார் பார்ப்பார்கள்?" என்றான் ஒருவன். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.